மேற்கோள் முடிந்த இடம்

“காலை மட்டும் தூக்குங்க தம்பி, ஆளையே தூக்கிடாதீங்க” என்றாள் நர்ஸ்.

தம்பி காலைத் தூக்கினான். மகள், அவன் அக்கா, தோளுக்கு அடியில் கை கொடுத்தாள். நர்ஸ் நனைந்த விரிப்பை ஒரு பக்கமாகச் சுருட்டிக்கொண்டே வந்து, அதன் பின்னாலேயே புது விரிப்பை உருட்டிவிட்டாள். மூன்று பேருக்கும் நடுவில் அப்பா சாய்ந்து கிடந்தார். ஒரு காலத்தில் வகுப்பறை வாசலை அடைத்துக்கொண்டு நின்ற உடம்பு. இப்போது தோளெலும்பு மகளின் உள்ளங்கையில் குத்தியது. மூக்கில் குழாய். கட்டிலுக்கு அடியில் ஆக்சிஜன் மிஷின் விடாமல் உறுமிக்கொண்டிருந்தது.

சாய்ந்த வாக்கிலேயே அவர் கண்ணைத் திறந்தார்.

“தீர்ப்பு... வந்துடுச்சா?”

“இன்னும் இல்லப்பா. இப்பத்தான் கோர்ட்டு உக்காந்திருக்கும்.”

“யாரு சொன்னா?”

“நான்தாம்ப்பா சொல்றேன்.”

“ம்.” அந்த ‘ம்’மில் நம்பிக்கை இல்லை. மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார்: “வந்ததும்... நீ படி. எனக்கு. நீதான்.”

“சரிப்பா.”

நர்ஸ் தலையணையைத் தட்டிப் போட்டாள். “சார் என்னை விட மாட்டேங்கறார்மா. பிரஷர் இவ்வளவுன்னு சொன்னா, எந்த மிஷின்ல பாத்தே, மிஷினை எவன் சரிபார்த்தான்னு கேக்கறார். நான் எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன். பிரஷருக்குச் சாட்சி கேட்டவர் இவர் ஒருத்தர்தான்.”

அம்மா ஜன்னலோரம் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். அவர் சாப்பிடப் போவதில்லை என்று தெரிந்தும், சுளையில் நார்கூட இல்லாமல் உரித்துக்கொண்டிருந்தாள். “எனக்குக் கல்யாணம் ஆன புதுசுலேருந்து இப்படித்தான்” என்றாள் தலை நிமிராமல்.

டாக்டர் காலையில் வந்துவிட்டுப் போயிருந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “இன்னிக்கோ நாளைக்கோ. அவருக்குக் கஷ்டம் தெரியாமப் பாத்துக்குங்க. மனசுக்கு எதுவும் ஏத்தாதீங்க” என்று சொல்லியிருந்தார். ‘மனசுக்கு’ என்று சொன்னபோது அவர் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் அம்மா மகளைப் பார்த்தாள்.

காரணம் இருந்தது.

அப்பா சட்டக் கல்லூரியில் அறிவுச் சொத்துச் சட்டம் சொல்லிக்கொடுத்தவர். எழுதினவனுக்கு எழுத்தில் என்ன பாத்தியதை, கண்டுபிடித்தவனுக்குக் கண்டுபிடிப்பில் என்ன பாத்தியதை என்று சொல்லும் சட்டம். அம்மா அதை வேறு மாதிரி சொல்வாள்: “கையில பிடிக்க முடியாத சாமானுக்கு யாரு சொந்தக்காரன்னு அடிச்சுக்கறது.” எந்த மாணவன் எழுந்து எதைச் சொன்னாலும், “எந்தத் தீர்ப்பு? எந்தப் பாரா?” என்று கேட்பார். நம்பர் தெரியாவிட்டால் பதில் சரியாக இருந்தாலும் உட்காரச் சொல்லிவிடுவார். அதனால் அவருக்குப் ‘பாரா சார்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீட்டிலும் அதே பாடுதான். நாளைக்கு ஸ்கூல் லீவு என்று தம்பி வந்து சொன்னால், “சர்க்குலர்ல எந்தப் பாரா?” தம்பி படிப்பை விட்டுத் தண்ணீர் பம்ப் விற்கப் போனதே அந்தக் கேள்விக்குப் பயந்துதான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வான்.

மகள் பயப்படவில்லை. அதே சட்டத்தைப் படித்து, வேறொரு கல்லூரியில் அதையே சொல்லிக்கொடுக்கவும் போனாள். அங்கேதான் வினை பிடித்தது.

இன்னொரு கல்லூரியில் ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர். அவர் வகுப்பில் அவருடைய கல்லூரி கேமரா வைத்துப் பாடம் முழுவதையும் படம் பிடித்துவைத்துக்கொண்டது. அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு, அந்தப் படங்களையெல்லாம் ஒரு கம்பெனிக்கு விற்றது. “என் குரல், என் கை, நான் கண்டுபிடிச்ச உதாரணம். என்னை ஒரு வார்த்தை கேக்கலையே” என்று டீச்சர் வழக்குப் போட்டார். “சம்பளம் கொடுத்தோமே” என்றது கல்லூரி. ஓய்வு பெற்று வீட்டில் இருந்த அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டீச்சர் பக்கம் இறங்கினார். பாடம் என்பது சம்பளத்துக்குச் செய்து கொடுத்த நாற்காலி இல்லை, அது சொல்கிறவரோடு பிறந்து சொல்கிறவரோடு போவது என்று சட்ட இதழ் ஒன்றில் நீளமாகக் கட்டுரை எழுதினார்.

மறு இதழில் மகளின் கட்டுரை வந்தது. அப்பா சொல்வது மனசுக்கு நன்றாக இருக்கிறது, சட்டத்தில் நிற்காது என்று அவள் எழுதியிருந்தாள். கூடத்தைக் கொடுத்தது கல்லூரி, கேட்பவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தது கல்லூரி, நேரத்துக்குச் சம்பளம் கொடுத்தது கல்லூரி. ஆகவே பாடமும் கல்லூரிக்கே என்று பாரா பாராவாக அடுக்கியிருந்தாள்.

அப்பா அதற்கும் பதில் எழுதினார். அடிக்குறிப்பில், மகள் பெயரைச் சொல்லாமல், ‘ஒரு கட்டுரையாளர்’ என்று. அன்றிலிருந்து வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. அவள் வந்தால் மழை, கரண்ட் கட், தம்பியின் பம்ப் என்று எல்லாம் பேசுவார்கள். என்றைக்காவது குறும்பு ஏறினால் மட்டும் அம்மாவிடம், “உன் கட்டுரையாளர் காபி குடிச்சாச்சா?” என்று கேட்பார்.

அந்த வழக்குக்குத்தான் இன்றைக்கு மேல் கோர்ட்டில் தீர்ப்பு.

மகளின் இடுப்பில் செருகியிருந்த ஃபோன் அதிர்ந்தது. கொல்லைப்புறம் போய் எடுத்தாள்.

“நான்தாம்மா” என்றது டீச்சரின் குரல். பின்னால் நிறையக் காலடிச் சத்தம். “தோத்துட்டோம்.”

மகள் கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“மூணு ஜட்ஜுல ரெண்டு பேரு அவங்க பக்கம். ஒருத்தர் நம்ம பக்கம்.” டீச்சர் கொஞ்சம் நிறுத்தினார். “எங்க பக்கம்” என்று திருத்திச் சொன்னார்.

“டீச்சர்...”

“சாருக்கு முடியலைன்னு தெரியும். சொல்றதும் சொல்லாததும் உங்க வீட்டு விஷயம். இன்னொண்ணையும் நானே சொல்லிடறேன், வேற யாரோ சொல்லிக் கேக்க வேணாம். உன் கட்டுரையைத்தான் எடுத்துப் போட்டிருக்காங்க. அதை வெச்சுத்தான் முடிச்சிருக்காங்க. நல்லா இரு.”

ஃபோன் வைக்கப்பட்டுவிட்டது. ‘நல்லா இரு’ என்பது வாழ்த்தா, வசையா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவள் கோர்ட்டின் இணையப் பக்கத்தைத் திறந்தாள். முதலில் என்ன செய்தாள் என்பதைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு முகம் சுண்டிப்போகும். தீர்ப்பை அவள் முதல் பாராவிலிருந்து படிக்கவில்லை. தன் பெயரைப் போட்டுத் தேடினாள்.

வந்துவிட்டது. மூன்று நீதிபதிகள் உட்கார்ந்த தீர்ப்பில், ‘இவர் சரியாகச் சுட்டிக்காட்டுவதுபோல’ என்று, அவள் பெயர். கீழே அவளுடைய வரிகள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஆயுசு முழுக்கக் காத்திருந்தும் அநேகம் பேருக்குக் கிடைக்காத ஒன்று. நெஞ்சுக்குள் என்னவோ துள்ளியது. துள்ளட்டும் என்று ஒரு நிமிஷம் விட்டும் விட்டாள். அப்புறம்தான் ஜன்னல் வழியாக மிஷின் சத்தம் காதில் விழுந்தது.

ஃபோன் மறுபடி அதிர்ந்தது. மறுபடி. மறுபடி.

“என்னக்கா, வாழ்த்தா வந்து குவியுது?” தம்பி பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். “யாருக்குப் பொறந்தநாள்?”

“தீர்ப்பு வந்துடுச்சுடா.”

“ஜெயிச்சாச்சா?”

“அப்பா தோத்துட்டார்.”

“அப்புறம் உனக்கு எதுக்கு வாழ்த்து?” கேட்டுவிட்டு அவனே புரிந்துகொண்டான். “அட” என்றான்.

அடுப்படியில் அம்மா கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். மூன்று பேரும் நிற்க இடம் போதாத அடுப்படி.

“ஜெயிச்சாச்சுன்னு சொல்லிடு” என்றாள் அம்மா.

“அம்மா...”

“என்ன அம்மா? டாக்டர் சொன்னது காதுல விழலையா?”

“எந்தப் பாரான்னு கேப்பார்மா.”

“ஒரு பாராவைச் சொல்லேன். உனக்குத் தெரியாத பாராவா? நீங்க அப்பாவும் பொண்ணும் அதைத்தானே சோறு மாதிரி தின்னுட்டிருந்தீங்க.”

“அம்மா சொல்றது சரிக்கா” என்றான் தம்பி. “என்ன, நாளைக்கு எழுந்து போய் மேல்முறையீடா பண்ணப் போறார்? சந்தோஷமாப் போகட்டும். நான் ஓடாத பம்பை ஓடுதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்.”

“அதான் வாங்கினவன் திரும்பி வர்றான்” என்றாள் மகள்.

“இவர் திரும்பி வர மாட்டார்” என்றாள் அம்மா.

சொட்டிக்கொண்டிருந்த குழாயை அம்மா இறுக்கி மூடினாள். பின் சத்தம் தாழ்த்தி, “நான் அவர்கிட்ட எத்தனையோ பொய் சொல்லியிருக்கேன்டி. உடம்பு எப்படி இருக்குன்னா நல்லா இருக்குன்னு. கோவமான்னா இல்லைன்னு. எங்கிட்ட ஒருநாளும் பாரா நம்பர் கேட்டதில்லை அவரு. அதனால எனக்குச் சுலபம். உனக்குக் கஷ்டம்தான். இருந்தாலும் சொல்லு” என்றாள்.

“என் கட்டுரையை வெச்சுத்தாம்மா தோக்கடிச்சிருக்காங்க.”

அம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை என்று மகளுக்குத் தோன்றியது.

“அப்படின்னா நீதான் சொல்லணும்” என்றாள் அம்மா. எதைச் சொல்லணும் என்று சொல்லவில்லை.

உள்ளிருந்து நர்ஸின் குரல் வந்தது. “அம்மா, சார் கூப்பிடறார். கட்டுரையாளர் எங்கேங்கறார். யாரு அது?”

மகள் நாற்காலியை இழுத்துக் கட்டிலோரம் போட்டுக்கொண்டாள். அம்மா கால்மாட்டில் நின்றாள். தம்பி நிலைப்படியில் சாய்ந்துகொண்டான்.

“வந்துடுச்சு” என்றார் அப்பா. கேள்வி இல்லை அது. “உன் நடை... தெரியுது.”

“வந்துடுச்சுப்பா.”

“படி.”

அவள் ஃபோனைத் திறந்தாள். விரலால் தள்ளிக்கொண்டே போனாள். தன் பெயர் இருந்த இடத்தையும் தாண்டி, கடைசிப் பக்கங்கள் வரைக்கும். அங்கே மூன்றாவது நீதிபதி தனியாக எழுதியது இருந்தது. தோற்ற பக்கத்துத் தீர்ப்பு. எடுத்து அலமாரியில் வைக்கலாம், அதைக் கொண்டு யாரையும் எதையும் செய்யச் சொல்ல முடியாது. ஆனால் வார்த்தை ஒவ்வொன்றும் நிஜம்; கோர்ட்டில் எழுதப்பட்டது. பொய் சொல்ல வேண்டாம். யார் எழுதியது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டால் போதும்.

அப்படிச் செய்கிற மாணவனை அப்பா வகுப்பை விட்டே வெளியே அனுப்புவார். அவளும் அனுப்பியிருக்கிறாள்.

“‘ஆசிரியர் வகுப்பில் பேசுவது அவருடைய நினைவிலிருந்தும் பழக்கத்திலிருந்தும் அந்த நேரத்தில் உருவாவது’” என்று படிக்க ஆரம்பித்தாள். “‘சம்பளம் அவர் வந்து நிற்பதற்குத் தரப்படுகிறது. அவர் சொல்லும் முறைக்கு யாரும் விலை பேசவில்லை. பேசாத ஒன்றை விற்க நிறுவனத்துக்கு உரிமை கிடையாது.’”

அப்பாவின் முகத்தில் சுருக்கம் ஒவ்வொன்றாக இளகியது. அம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். தம்பி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவள் இன்னொரு பாரா படித்தாள். குரல் பிசகாமல் பார்த்துக்கொண்டாள்.

“நல்லா... எழுதியிருக்கான்” என்றார் அப்பா.

“ஆமாம்ப்பா.”

“எந்தப் பாரா?”

வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது. “நூத்தி எட்டு.”

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. மிஷின் உறுமியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். தூங்கிவிட்டார் என்று நர்ஸ் நினைத்துப் போர்வையை இழுத்துவிட வந்தாள்.

“அவ்வளவு கடைசியிலயா? நூத்தி ஏழுல... என்ன இருக்கு?”

மகளின் விரல் திரையில் ஒரு பாரா மேலே போனது.

“நூத்தி ஏழுல... ‘என் சகோதர நீதிபதிகள் இருவரின் முடிவை... ஏற்க முடியாமைக்கு வருந்துகிறேன்’னு... இருக்கும். இல்ல?”

“இருக்குப்பா.”

அம்மாவின் கை கம்பியிலிருந்து நழுவியது. “என்னங்க, அவ மேல கோவப்படாதீங்க, நான்தான்...”

“தெரியும்” என்றார் அவர். “இது உன் வேலைதான். அவளுக்கு... வராது.” மூச்சு வாங்கியது. நர்ஸ் மிஷினின் திருகைக் கொஞ்சம் கூட்டினாள். “முதல் பாராவுலேருந்து வா. எனக்கு நேரம் இல்ல. வேகமா வா.”

வேகமாகத்தான் வந்தாள். வழக்கின் விவரம், இரு தரப்பு வாதம். பழக்கமான இடங்களில் அவர் விரல் போர்வையின் மேல் ‘போ, போ’ என்று அசைந்தது. ஓரிடத்தில் அவள் நின்றுவிட்டாள்.

“ஏன் நிறுத்தினே?”

“இல்லப்பா.”

“உன்னைத்தானே... எடுத்திருக்காங்க?”

“உங்களுக்கு எப்படி...”

“அந்தப் பக்கத்துக்கு உன்னை விட்டா... ஆளு யாரு இருக்கா?” உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்புதான் என்று அம்மாவுக்கு மட்டும் தெரியும். “படி.”

அவள் தன் வரிகளைத் தானே படித்தாள். நாலு வருஷம் முன்னால், விளக்கிச் சொல்ல வேறு ஆள் இல்லாதது போன்ற திமிரோடு எழுதின வரிகள். “‘கூடமும் நேரமும் கேட்போரும் நிறுவனத்தால் சேர்க்கப்பட்டவை. அவ்வாறு சேர்க்கப்பட்ட இடத்தில், அதற்கென்றே ஊதியம் பெறும் ஒருவர் ஆற்றும் உரை, அந்த ஊதியத்தின் பயனாகவே கொள்ளப்பட வேண்டும். எனவே அதன் உரிமை நிறுவனத்தையே சாரும்.’”

படிக்கும்போதே ஒன்றைக் கவனித்தாள். அப்பாவின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. சத்தம் இல்லை. ஆனால் அவளோடு கூடவே, ஒரு சொல் முன்பின் இல்லாமல் அசைந்துகொண்டிருந்தன. அவளுக்கே முழுதாக மனப்பாடம் இல்லாத வரிகள்.

அவள் முடித்துவிட்டாள். அவர் உதடுகள் முடிக்கவில்லை. இன்னும் போய்க்கொண்டிருந்தன. பிறகு நின்றன. கண் திறந்தது.

“மேல?”

“அவ்வளவுதாம்ப்பா. மேற்கோள் அதோட முடியுது.”

“‘ஆனால்’ எங்கே?”

“என்னப்பா?”

“அதுக்கப்புறம்... ‘ஆனால்’னு ஒண்ணு... எழுதியிருந்தியே.”

அவள் திரையைப் பார்த்தாள். மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். தன் பெயரைப் பார்த்த கண் அதற்கு அப்பால் போகவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் எழுதியது அங்கே முடியவில்லை. ‘ஆனால், ஓர் ஆசிரியர் வேலைக்கு வரும்போதே கொண்டுவந்த முறையும், அவராகவே உண்டாக்கிய உதாரணங்களும் இந்த ஊதியத்துக்குள் அடங்கா; அவற்றைப் பதிவு செய்து விற்க அவருடைய தனி இசைவு வேண்டும்’ என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அப்பா தன் பதிலில் வறுத்தெடுத்திருந்தார்: ‘கட்டுரையாளர் வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டார்.’ அதைப் படித்துவிட்டு அன்றைக்கு அவள் அழுதிருக்கிறாள்.

“இல்லப்பா. விட்டுட்டாங்க.”

“நல்லாப் பாரு.”

“பாத்துட்டேன். பாதியிலே வெட்டியிருக்காங்க.”

அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். உடம்பு எழவில்லை, கழுத்து மட்டும் தலையணையை விட்டு ஒரு விரற்கடை எழுந்தது. “சார், சார்” என்று நர்ஸ் தோளை அமுக்கினாள். அம்மா, “போதும்டி, ஃபோனை வை!” என்றாள்.

“அந்தக் கட்டுரை தப்பு” என்றார் அவர். “அன்னிக்கும் தப்பு... இன்னிக்கும் தப்பு.”

“சரிப்பா. பேசாதீங்க.”

“தப்பான கட்டுரைன்னாலும்... முழுசாத்தானே... எடுத்துப் போடணும்? பாதியை வெச்சு... ஒரு பொம்பளையோட வாயை அடைச்சிருக்கான்.” கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, கோபமா மூச்சா தெரியவில்லை. “மறுபரிசீலனை மனு... போடலாம். டீச்சர் போட்டா... தோத்தவ புலம்பறான்னுவான். எழுதினவ சொன்னா...”

வாக்கியம் அங்கேயே நின்றது. அதை முடிக்கச் சொல்லி அவர் அவளைப் பார்க்கவும் இல்லை. ஜன்னலைப் பார்த்தார்.

எழுதினவள் சொன்னால் என்ன ஆகும் என்று மகளுக்குத் தெரியும். பெரிய கோர்ட்டு என்னைத் தப்பாக எடுத்தாண்டுவிட்டது என்று மனுவோடு கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். காலையில் இருந்து குவிகிற வாழ்த்தெல்லாம் வந்த வழியே போகும். அவளுக்குச் சம்பளம் கொடுக்கிற கல்லூரியிலும் எல்லா வகுப்பிலும் கேமரா மாட்டியாகிவிட்டது. ‘ஆகட்டும்ப்பா’ என்று ஒரு சொல் சொல்லிவிடலாம். சாகப் போகிறவருக்குச் சொல்கிற சொல்லை யார் நம்பர் போட்டுக் கேட்கப் போகிறார்கள்? அதனாலேயே அவளுக்கு வாய் வரவில்லை.

“தண்ணி” என்றார்.

நர்ஸ் கரண்டியால் உதட்டை நனைத்தாள். பாதி கன்னத்தில் வழிந்தது. அம்மா முந்தானையால் ஒற்றினாள்.

“அடுத்த பாரா” என்றார்.

அவள் படித்தாள். நிறுவனங்கள் முதலீடு செய்கின்றன, முதலீட்டுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது போல ஏதோ. போர்வையின் மேல் விரல் ஒருமுறை அசைந்தது, ‘போ’ என்று. அவள் போனாள். நடுவில் நர்ஸ் குனிந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகு கழுத்தில் கை வைத்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

மகள் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, நிறுத்தாமல், குரலை ஏற்றாமல் இறக்காமல், அந்தப் பாராவைக் கடைசிச் சொல் வரை படித்து முடித்தாள்.

தம்பிதான் போய் மிஷினை அணைத்தான்.

மதியத்துக்கு மேல் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பழைய மாணவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள். வந்தவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்தி அவரவர் வாங்கின திட்டைச் சொன்னார்கள். “என்னை மூணு நாள் நிக்க வெச்சார்.” “நீ பரவாயில்ல, என்னை நீதிபதி ஆனப்புறம் கூப்பிட்டு நிக்க வெச்சார்.” சிரிப்பு வந்து, வந்த இடத்திலேயே அடங்கியது. அம்மா எல்லாருக்கும் நடுவில் நேராக உட்கார்ந்திருந்தாள். யாரோ தோளைத் தொட்டபோது, “அந்தப் பழத்தை எடுத்து உள்ளே வைங்க, எறும்பு வந்துடும்” என்று மட்டும் சொன்னாள்.

மகள் வாசலில் நின்றபோது ஃபோன் வந்தது. அவள் கல்லூரியின் பிரின்சிபால்.

“மேடம்! காலையிலேருந்து முயற்சி பண்றேன். தீர்ப்புல உங்க பேரு! நம்ம காலேஜுக்கே...”

“சார், எங்கப்பா போயிட்டார்.”

“அடடா.” உண்மையாகவே வருத்தப்பட்டார். நல்ல மனிதர்தான். அப்பாவின் குணத்தை இரண்டு வாக்கியம் சொன்னார், அவளுக்கு ஆறுதல் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமினார். “நீங்க மெதுவா வாங்க. அவசரமே இல்ல. பத்திரிகைக்கு மட்டும் ஒரு நாலு வரி... உங்க பேருல நாங்களே எழுதிக்கறோம், நீங்க சரின்னா போதும்.”

“நானே எழுதித் தர்றேன் சார்.”

“ரொம்ப நல்லது.”

“கோர்ட்டு என் கட்டுரையைப் பாதியிலே வெட்டிடுச்சு, மிச்சப் பாதி டீச்சருக்குச் சாதகமா இருக்குன்னு எழுதுவேன். மனுவுலயும் அதையே சொல்லுவேன்.”

பிரின்சிபால் குரலைத் தாழ்த்தினார். “மேடம், இந்த நேரத்துல எதையும் முடிவு பண்ண வேணாமே. நீங்க இங்க வேலை பாக்கறவங்க. நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன்.”

“தெரியுது சார். வெச்சுடறேன்.”

திரும்பினாள். கேட்டுக்கு வெளியே டீச்சர் நின்றிருந்தார். கோர்ட்டுக்குக் கட்டிக்கொண்டு போன கஞ்சி போட்ட புடவை, இப்போது கசங்கியிருந்தது. எப்போது வந்தார், எதுவரை காதில் விழுந்தது, தெரியாது.

“உள்ள வாங்க டீச்சர்.”

“உன் மேல எனக்குக் கோவம் இருக்கு” என்றார் டீச்சர். “இங்க வெச்சு அதைக் காட்டக் கூடாதுன்னுதான் கொஞ்சம் நின்னு வரேன்.”

“இருக்கட்டும் டீச்சர். காட்டுங்க.”

“சாருக்குத் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது. முழுசாப் படிச்சுக் காட்டினேன்.”

“என்ன சொன்னார்?”

“என் கட்டுரை தப்புன்னார்.”

டீச்சர் மூக்கை உறிஞ்சினார். “சரியாத்தான் சொல்லியிருக்கார்.”

தெருவில் ஒரு வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. நாற்காலியும் பந்தல் துணியும் ஏற்றி வந்த வேன். “ரெண்டு கதவையும் திறங்கம்மா, ஒத்தைக் கதவுல வண்டி நுழையாது” என்று டிரைவர் தலையை நீட்டினான்.

கேட்டின் இடது கதவைத் திறந்து வருஷக்கணக்கு ஆகியிருந்தது. அடித் தாழ்ப்பாள் மண்ணில் புதைந்து கிடந்தது. மகள் குனிந்து இழுத்தாள். அசையவில்லை.

“நேரா இழுத்தா வராது” என்றார் டீச்சர். “துரு ஏறினா இரும்பு ஊதிக்கும், ஓட்டையை அடைச்சுக்கும். தள்ளிக்கோ.” கைப்பையைச் சுவர் மேல் வைத்துவிட்டு, புடவையை முழங்காலுக்கு ஒதுக்கிக்கொண்டு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “முதல்ல அந்தப் பக்கம் திருப்பு. இப்ப இந்தப் பக்கம். இழுக்காதே, திருப்பிக்கிட்டே இரு.”

இரண்டு பேரும் ஒரே தாழ்ப்பாளை நாலு கையால் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார்கள். செம்பொடி உதிர்ந்தது. டிரைவர் இன்னொரு தடவை ஹாரன் அடித்தான், யாரும் நிமிரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ப்பாள் மேலே வந்தது. டீச்சர் கதவைத் தோளால் தள்ள, மகள் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டே பின்னால் நடந்தாள். கதவின் அடி தரையை உரசி, காய்ந்த மண்ணில் அரைவட்டமாக ஒரு கோடு போட்டுக்கொண்டு போய்ச் சுவரில் இடித்து நின்றது.